நெடி தெரியவில்லை என்று எழுதியிருந்தாயே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. பெயின்ட் பிரிவின் பொறுப்பை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று படித்தபோது மனம் நிறைந்துவிட்டது. ஆனால் அடுத்த பத்தியிலேயே, “முதல் வாரம் தலைவலித்தது, இப்போது பழகிவிட்டது, நெடியே தெரிவதில்லை” என்று நீ சாதாரணமாக எழுதியிருந்த வரியைத் தாண்டி வெகுநேரம் என்னால் படிக்க முடியவில்லை. 32 ஆண்டுகள் ஸ்ப்ரே கன் பிடித்தவன் என்ற முறையில், அந்த ஒரு வரிக்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

பழகியது உன் மூக்கு மட்டும்தான், அம்மா. தின்னரில் உள்ள டொலுயீன், சைலீன் போன்றவற்றின் ஆவியைத் தொடர்ந்து முகர்ந்துகொண்டிருந்தால், சிறிது நேரத்திலேயே மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடுகிறது. காற்றில் ஆவி குறைந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. மாலையில் காரணமில்லாத எரிச்சல், தலை கனம், கையில் எடுத்த பொருளை எங்கே வைத்தோம் என்று தேடுவது ஆகியவை அளவு மீறுகிறது என்பதற்கான அறிகுறிகளாக இருக்கலாம். பல ஆண்டுகள் இப்படியே போனால் நினைவாற்றலும் கவனமும் நிலையாகவே பாதிக்கப்படக்கூடும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1989-இலேயே பெயின்டர் தொழிலை, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. நான் அப்போது வேலையில்தான் இருந்தேன். எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய அச்சம், ஹார்ட்னர் என்ற இறுகவைக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் டூ-பேக் பெயின்ட்தான். அதில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் கெடுதல் செய்யும் அளவை எட்டிய பிறகும் மூக்குக்குத் தெரியாமலே இருக்கக்கூடியது. என்னோடு அருகருகே நின்று வேலை செய்த நண்பர் ஒருவருக்கு இரவில் மட்டும் இருமல் வந்தது. பகலில் ஒன்றும் இல்லை; நான்கு நாள் விடுப்பில் போனால் முற்றிலும் நின்றுவிடும்; திரும்பி வந்தால் மீண்டும் தொடங்கும். சளி என்றும் தூசி என்றும் நாங்களே முடிவு செய்துகொண்டிருந்தோம். ஒருநாள் மாலை, கை கழுவும் தொட்டியின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தோள்கள் மேலெழும்ப அவர் மூச்சுக்குத் திணறி நின்ற காட்சி இன்றும் கண்ணில் இருக்கிறது. ஐசோசயனேட்டால் வந்த ஆஸ்துமா என்று மருத்துவர் சொன்னார். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே போதும். அவரால் அந்தப் பிரிவின் வாசலுக்குக்கூட வர முடியாமல் போனது. வேலையிலிருந்து சில மணி நேரம் கழித்து வரும் இருமலையும், விடுமுறையில் நின்றுபோகும் இருமலையும் நீ ஒருபோதும் அலட்சியம் செய்யாதே. உன் ஆட்களிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், வேலை போய்விடும் என்று அஞ்சுவார்கள்.

மாஸ்க் வாங்கிக் கொடுத்துவிட்டதோடு கடமை முடிந்தது என்று நிர்வாகம் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. மாஸ்க் கடைசி அரண். தண்ணீர் சார்ந்த பெயின்ட் போதுமா, ஸ்ப்ரேக்குப் பதில் ரோலரால் முடியுமா, எக்ஸாஸ்ட் உண்மையில் இழுக்கிறதா என்பவற்றை முதலில் பார். துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் ஆவியைத் தடுக்கவே தடுக்காது. கார்பன் ஃபில்டர் தடுக்கும். ஆனால் அதைத் திறந்தபடி ஆணியில் மாட்டி வைத்தால் இரவெல்லாம் காற்றில் உள்ள ஆவியை உறிஞ்சி அதுவே நிறைந்துபோகும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைக்கச் சொல். மாற்றும் தேதியை அதன் மேலேயே எழுதச் சொல். நெடி வந்த பிறகு மாற்றலாம் என்று காத்திருக்கக் கூடாது. முகத்தோடு ஒட்டி அமரும் மாஸ்க் தாடி உள்ளவருக்குச் சரியாக அமராது; சங்கடமாக இருந்தாலும் சொல்லிவிடு. டூ-பேக் ஸ்ப்ரேக்கு வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் வகையே வேண்டும்.

தொட்டி, குழி போன்ற மூடிய இடங்களுக்கு ஃபில்டர் மாஸ்க்கை நம்பி ஒருவரையும் இறக்காதே. இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும், தீப்பொறி பட்டால் பற்றும். ஃபில்டர் ஆக்சிஜனைத் தராது. உள்ளே ஒருவர் மயங்கினால் பதறி இறங்குபவரும் விழுவார் என்பதால், வெளியிலிருந்தே இழுக்கக் கயிறும் காவலுக்கு ஆளும் முன்பே இருக்க வேண்டும்.

தின்னரால் கை கழுவும் பழக்கத்தையும் நிறுத்து. அது தோல் வழியாகவும் உள்ளே போகும். என் புறங்கையில் நீ சிறுவயதில் தடவிப் பார்த்துக் கேட்ட வெடிப்புகள் அதனால் வந்தவைதான்.

நான் நீண்ட காலம் செய்த பெரிய தவறு, கன்னை நிறுத்திய உடனே வேலை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க முகக்கவசத்தைத் தூக்கியது. ஸ்ப்ரே அடிக்கும் மூடிய அறையான பூத்தில் அந்த நேரத்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் மிதந்துகொண்டிருக்கும். பூத்தைப் புகையால் நிரப்பி, விசிறியை ஓடவிட்டு, புகை முழுவதும் வெளியேற எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளந்து, அந்த எண்ணைக் கதவில் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். அதுவரை விசிறியும் நிற்கக் கூடாது, கவசமும் இறங்கக் கூடாது. உங்கள் பூத்துக்கு அப்படி அளந்திருக்கிறார்களா என்று உன் கடிதத்தில் இல்லை. இந்த வாரமே அளக்கச் சொல்லி, எத்தனை நிமிடம் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா