கோமாரி தடுப்பூசி முகாமில் மூலிகைப் பொடியின் பலனை அளந்து சொல்லக் கோரும் மனு

அனுப்புநர்:
பால் உற்பத்தியாளர்கள்,
ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்பு மற்றும் மருத்துவப் பணிகள் துறை,
சென்னை.

பொருள்: தடுப்பூசிக்குப் பிந்தைய ரத்தப் பரிசோதனையில், மூலிகைப் பொடி தின்ற கன்றுகளையும் தனியாகக் கணக்கில் எடுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் மாடுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரி ஊசி இலவசமாகப் போடப்படுகிறது. இதே வேளையில் சீந்தில், அமுக்கரா, துளசி, நெல்லி கலந்த பொடிகள் "ஊசியின் பலனைக் கூட்டும்" என்று சொல்லித் தீவனக் கடைகளில் விற்கப்படுகின்றன. பல பாக்கெட்டுகளில் எந்த மூலிகை எத்தனை கிராம் என்ற விவரமே இல்லை. இந்தப் பொடி இருந்தால் ஊசியே வேண்டாம் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. ஊசி போட்டதும் ஓரிரு நாள் பால் குறைவதைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் அந்தப் பேச்சை எளிதில் நம்பிவிடுகிறார்கள்.

மூலிகை வைத்தியத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள் தலா 10 கிராம், பூண்டு 4 பல், வெல்லம் 120 கிராம், ஒரு தேங்காயின் துருவல் சேர்த்த கோமாரி வாய்ப்புண் மருந்து எங்கள் வீடுகளில் பழகியதுதான். ஆனால் அது நோய் வந்த மாட்டுக்கான மருந்து. ஊசியின் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது வேறு சங்கதி. அதை ரத்தத்தில் அளந்தால்தான் தெரியும்.

அந்த அளவீட்டுக்கான ஏற்பாடு திட்டத்திலேயே இருக்கிறது. ஊசிக்கு முன்பும், சுமார் 28 நாள் கழித்தும் மாதிரி மாடுகளிடம் ரத்தம் எடுக்கப்படுகிறது. அதோடு ஒரு சிறு ஆய்வைச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறோம். கறவை மாடுகளில் பார்த்தால் வித்தியாசம் தெரியாமல் போகலாம். பல சுற்று ஊசி வாங்கிய மாட்டின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி முன்பே நிறைய இருக்கும். முதல் ஊசி போடும் 4, 5 மாதக் கன்றுகளையே எடுக்க வேண்டும். சீம்பால் வழியாக வந்த தாயின் எதிர்ப்புச் சக்தி சில கன்றுகளில் மிச்சமிருந்து ஊசியின் வேலையைக் கெடுக்கும் என்பதால், முதல் நாள் ரத்தம் கட்டாயம்.

எந்தக் கன்றுக்குப் பொடி என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். எங்களிடம் விட்டால் கொழுகொழுவென்று இருக்கிற கன்றுக்குத்தான் கொடுப்போம்! இரு பிரிவுக்கும் இரண்டு வாரம் முன்பே குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். ஊசி ஒரே தொகுதியாக, தாது உப்பு ஒரே அளவாக இருக்க வேண்டும். பொடியை ஊசிக்கு 7 நாள் முன்பிருந்து 14 நாள் பின்பு வரை கொடுத்துப் பார்க்கலாம். அளவைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் எடைபோட்டு நிர்ணயித்துத் தரட்டும். ஒரு மாதத்தில் போடும் இரண்டாவது ஊசி எந்தக் கன்றுக்கும் தவறக் கூடாது.

ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததா என்பதையும் குறித்துவைக்க வேண்டும். எண்ணெய் கலந்த மருந்து உறைந்தால் பிரிந்து கெட்டுவிடும். அப்படிக் கெட்ட ஊசிக்கு எந்தப் பொடியும் துணை நிற்காது. பழி மட்டும் பொடியின் மேலோ கன்றின் மேலோ விழும்.

முடிவு எதுவானாலும் அடுத்த முகாமுக்கு முன் பால் சங்கங்களின் பலகையில் தமிழில் ஒட்டவும், அதுவரை "பொடி ஊசிக்கு மாற்றல்ல" என்று முகாம் துண்டறிக்கையில் அச்சிடவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பால் உற்பத்தியாளர்கள்
இடம்: ஈரோடு