மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கார் காலையில் மக்கர் செய்தால் இப்போதெல்லாம் எல்லோரும் எத்தனால் கலந்த பெட்ரோலைத்தான் திட்டுகிறார்கள். போன மார்கழி வரை நானும் அந்தக் கட்சிதான்.

என்னுடையது 2003-ல் வாங்கிய சின்னக் கார். நான்கு சிலிண்டர், எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் ரகம். மார்கழி முழுக்க விடியற்காலையில் வீட்டுக்காரம்மாவை வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் கொண்டுபோய் விட வேண்டும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றும், இன்ஜின் பிடிக்கும், நாலு குலுக்கு குலுக்கிவிட்டு அணைந்துவிடும். ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் இருமி இருமி ஓடும். சத்துவாச்சாரியில் கிளம்பி கிரீன் சர்க்கிள் வருவதற்குள் சூடேறி ஒழுங்காகிவிடும். ஒருநாள் “நான் ஆட்டோவிலேயே போய்க்கிறேன்” என்று அந்த அம்மா இறங்கிப் போய்விட்டார்.

மெக்கானிக் பிளக் நான்கையும் மாற்றினார். அப்புறம் காயில். அப்புறம் டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப். மொத்தம் 9,400 ரூபாய், வியாதி மட்டும் அப்படியே. கடைசியில், “பெட்ரோல் சரியில்லை சார்” என்றார். குளிரில் எத்தனால் லேசில் ஆவியாகாது என்பது உண்மை. பழைய ரப்பருக்கும் அது ஆகாது. ஆனால் அதே பெட்ரோல் பங்கில் போடும் பக்கத்து வீட்டுக் கார், அதுவும் கிழட்டு வண்டிதான், ஒரே திருப்பில் கிளம்புகிறதே!

மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் மாற்றிப் பழக்கமில்லை. ஜில்லென்று கிடக்கும் இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் அதற்காகச் சோக்கை நாமே இழுப்போம். இதில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது, இன்ஜின் தண்ணீரின் சூட்டைச் சொல்லும் ஒரு சென்சாரை நம்பி. குளிரில் அதன் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) அதிகம், சூடேற ஏற இறங்கும். 20 டிகிரியில் 2,000 ஓமுக்கு மேல் காட்ட வேண்டும், 80 டிகிரியில் 300 சொச்சம். இரவெல்லாம் பனியில் நின்ற வண்டியில் கிளிப்பைக் கழற்றி மீட்டரை வைத்தேன். 340! ஜில்லென்று கிடக்கும் இன்ஜினைக் கொதிக்கிறது என்று அது சொல்ல, கம்ப்யூட்டரும் நம்பிப் பெட்ரோலைக் குறைத்திருக்கிறது. சூடான இன்ஜினுக்கு 340 சரியான கணக்குதானே, அதனால் செக் இன்ஜின் விளக்கும் எரியவில்லை. புது சென்சார் 650 ரூபாய்.

அதற்குப் பிறகும் சிக்னலில் நின்றால் ஐடில், அதாவது சும்மா நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம், கொஞ்சம் ஏறி இறங்கியது. அது வேறு சமாச்சாரம். பானெட்டைத் திறந்து காது கொடுத்தால் ‘உஸ்’ என்று ஒரு சத்தம். நம் வேலூர் வெயிலில் வெந்து வெடித்த வேக்கம் குழாய், வெடிப்பு வழியாக இன்ஜின் கணக்கில் வராத காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. வெடிப்பை விரலால் அடைத்ததும் இன்ஜின் அடங்கிவிட்டது.

பம்பின் மேல் சந்தேகம் என்றால் அதற்கும் அரை நிமிஷச் சோதனை இருக்கிறது. சாவியை ஆன் செய்து மூன்று நொடி நிறுத்தி, ஆஃப் செய்து, இன்னொரு முறை அப்படியே செய்துவிட்டு செல்ஃப் அடிக்க வேண்டும். உடனே பிடித்தால், ராத்திரியில் பெட்ரோல் லைனில் பிரஷர் இறங்குகிறது என்று அர்த்தம். என் வண்டியில் இப்படிச் செய்தும் ஒரு மாற்றமும் இல்லை. பம்பைக் கழற்றும் முன்பே யாராவது பார்த்திருக்கலாம்.

மெக்கானிக் தம்பிகள் மேல் எனக்குக் கோபமில்லை, பாவம், வேலை நெருக்கடி. எதை அளந்து எதை மாற்றினோம் என்று பில்லில் ஒரு வரி எழுதட்டும், கழற்றிய பார்ட்டைக் கையில் கொடுக்கட்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். வண்டிக்காரர்களும் இந்த மாதிரி வியாதிக்குப் பத்து மணிக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், வழியிலேயே சூடேறி நல்ல பிள்ளையாகிவிடும். முதல் நாள் சாயங்காலமே ஷெட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லைன் இன்ஸ்பெக்டர்,
சத்துவாச்சாரி, வேலூர்.