விடியலுக்கு முன் விழித்திருந்தவர்களுக்கு

அன்புக்கும் மதிப்புக்கும் உரியவர்களே,

வணக்கம்.

2023 ஜூன் 11 அன்று தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர மன்றத்தின் முன்னிருந்து டர்பன் வரை நடந்த காம்ரேட்ஸ் ஓட்டத்தில் 87.7 கிலோமீட்டரை 11 மணி 41 நிமிடங்களில் ஓடி முடித்தேன். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடித்தால்தான் அங்கே கணக்கு. ஐம்பத்தேழு வயதான நான், மராத்தானைத் தாண்டிய தூரம் ஒன்றை ஓடியது இதுவே முதன்முறை. ஊர் திரும்பிய நாளிலிருந்து பார்ப்பவர்கள் எல்லோரும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் அதற்கு முந்தைய பத்து மாதங்களைப் பற்றியே நான் சொல்லியாக வேண்டும். அந்த மாதங்களில் நான் ஓடிய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வேறு யாரோ ஒருவர் தம் தூக்கத்தையோ வேலையையோ ஓய்வையோ விட்டுக்கொடுத்திருக்கிறார்.

முதல் நன்றி, கோவை ரேஸ்கோர்ஸ் சாலையிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் அதிகாலையில் வேலை செய்பவர்களுக்கு. நெடுந்தூர ஓட்டத்துக்கான பயிற்சி என்றால் காலணியைப் பற்றியும் அட்டவணையைப் பற்றியும் உணவைப் பற்றியுமே பேச்சு வருகிறது. ஒரு பெண் அதிகாலை நாலேகால் மணிக்கு இருட்டில் தனியாக வாசற்படி இறங்க வேண்டுமானால், அவளுக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டியது தெருவில் நல்ல மனிதர்கள். வங்கி வேலைக்கு ஒன்பதே முக்கால் மணிக்குள் போய்விட வேண்டிய எனக்கு வேறு நேரமும் இல்லை. எதிர்க் குடியிருப்பின் இரவுக் காவலாளி ஐயா, நான் கேட்காமலேயே, செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு ஆகிய நான்கு நாட்களிலும் நாலு மணி அடித்ததும் வெளி விளக்கைப் போட்டு வைத்தார். பூ மார்க்கெட்டுக்குப் போகும் பூக்கார அம்மா, ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, “அம்மிணி, இன்னிக்கு அந்த முக்குல நாயி அஞ்சாறு நிக்குதுங்க, இப்படிச் சுத்திப் போயிருங்க” என்று எத்தனையோ நாள் எச்சரித்தார்.

நடைபாதையில் செய்தித்தாள் கட்டுகளைப் பிரித்து இணைப்பிதழ்களைச் செருகிக்கொண்டிருப்பவர்களைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். நவம்பர் மாதத்தில் ஒரு நாள், இருசக்கர வண்டியில் வந்த இருவர் என்னைக் கடந்து போய், திரும்பி வந்து, மீண்டும் மெதுவாகப் பின்னால் வரத் தொடங்கினார்கள். நான் கூப்பிடவில்லை. கூப்பிடும் அளவுக்குக் குரலும் எழவில்லை. கையில் இருந்த தாள்களை அப்படியே கீழே வைத்துவிட்டு நான்கு பேர் எழுந்து சாலையின் குறுக்கே வந்து நின்றார்கள். வண்டி போய்விட்டது. அதைப் பற்றி என்னிடம் அவர்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாளிலிருந்து, அவர்களில் இளையவரான தம்பி தம் விநியோகப் பாதையை மாற்றிக்கொண்டு, வெளிச்சம் குறைந்த இரண்டு கிலோமீட்டருக்கு என் பக்கத்திலேயே சைக்கிள் மிதித்து வந்தார். மே மாதம் வரை வந்தார். அதனால் அவருடைய சுற்று எவ்வளவு நீண்டது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்தக் காலையோடு இந்த முயற்சியை விட்டிருக்க வேண்டியவள் நான். விடாமல் இருந்ததற்கு அந்த நால்வரே காரணம்.

ஐந்தரை மணிக்கு மஸ்டர் எனப்படும் வருகைப் பதிவுக்காகச் செல்லும் தூய்மைப் பணியாளர் சகோதரிகளுக்கும் என் வணக்கம். ரேஸ்கோர்ஸின் இரண்டரை கிலோமீட்டர் வட்டத்தை நான் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, “இன்னும் எத்தனை ரவுண்டுங்க்கா?” என்று கேட்பீர்கள். நான் விரலால் காட்டுவேன். நீங்கள் எனக்காகக் கணக்கு வைத்துக்கொண்டதால், தளர்ந்த நாட்களில் ஒரு சுற்றைக் குறைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஓட்டக் குழுவின் மூத்தவரும் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியருமான ‘சார்’ அவர்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் வேறு வகையானது. சென்ற ஜனவரியில் சென்னையில் மராத்தானை 4 மணி 38 நிமிடத்தில் முடித்துத் தகுதி பெற்றபோது, இனி வேகத்தைக் கூட்ட வேண்டும் என்றுதான் நான் நினைத்தேன். அவரோ வேகத்தைக் குறைக்கச் சொன்னார். பேசிக்கொண்டே ஓட முடியாத வேகம் உங்களுக்கு வேண்டாம் என்றார். சனிக்கிழமை முப்பது கிலோமீட்டர் ஓடிய கால்களோடு ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்து ஓட வைத்தார். களைத்த காலோடு ஓடிப் பழகுவதற்கு இதுவே வழி என்பதும், ஒரே நாளில் ஐம்பத்தைந்து ஓடுவதால் வரும் சேதம் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட உடலில் எளிதில் ஆறாது என்பதும் அவர் கருத்து. ஓட்டத்தின் நடுவே ஒன்பது நிமிடத்துக்கு ஒரு நிமிடம் நடக்கச் சொன்னார். நடப்பது தோல்வி என்று எண்ணியிருந்த எனக்கு அதை ஏற்கவே ஒரு மாதம் பிடித்தது.

கோத்தகிரிப் பாதையும் அவருடைய யோசனைதான். காம்ரேட்ஸ் ஓட்டம் பெரும்பாலும் ஓராண்டு ஏற்றமாகவும் மறு ஆண்டு இறக்கமாகவும் திசை மாறி மாறி நடக்கும். இந்த ஆண்டு இறக்கம் என்றதும் பலரும் எளிது என்றார்கள். ஏற்றத்தில் தொடைத் தசை சுருங்கியபடி உழைக்கிறது. இறக்கத்தில் அதே தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால், அதன் நார்களில் நுண்ணிய சிதைவு ஏற்படுகிறது. அப்படி ஒருமுறை புண்பட்டு ஆறிய தசைக்குச் சில வாரங்களுக்குள் மீண்டும் அதே வேலையைக் கொடுத்தால், அது முன்னளவு புண்படுவதில்லை. ஆகவே மூன்று வாரத்துக்கு ஒருமுறை, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்தை நோக்கி இறங்கும் சுமார் 33 கிலோமீட்டர் மலைப்பாதையில் இறங்கி ஓடினேன். யானைகள் நடமாடும் பாதை அது என்பதால், நன்கு விடிந்த பிறகே தொடங்க முடியும். என் கணவர் ஒவ்வொரு முறையும் காரை என் பின்னால் நடை வேகத்தில் ஓட்டி வந்தார். வளைவுக்கு வளைவு இறங்கி, பின்னால் வரும் பேருந்துகளுக்குக் கைகாட்டினார். முழங்கால் வலி உள்ளவர் அவர். முதல் கியரில் நான்கு மணி நேரம் கிளட்சை மிதிப்பது அவருக்கு என்ன செய்திருக்கும் என்று நான் அப்போது ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பதை இங்கே எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, என் நன்றியையும் சொல்கிறேன்.

செப்டம்பரில் குதிகால் வலியால் காலையில் தரையில் கால் வைக்க முடியாமல் போனபோது, நான் முதலில் பார்த்த மருத்துவர் இந்த வயதில் இதெல்லாம் எதற்கு, நடைப்பயிற்சி போதும் என்று அனுப்பிவிட்டார். மனம் உடைந்துதான் வந்தேன். அதன் பிறகு நான் சென்ற இயன்முறை மருத்துவர் அம்மையார், வயதைப் பற்றிப் பேசாமல் என் கெண்டைக்காலின் வலுவை அளந்து பார்த்தார். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, குதிகாலை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்கும் பயிற்சியை, முதுகுப்பையில் சிறிது சிறிதாக எடை கூட்டிச் செய்யச் சொன்னார். மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பும் தசையும் வேகமாகத் தேய்கின்றன, ஓட்டம் மட்டும் அதற்குப் போதாது, எடை தூக்கியே ஆக வேண்டும் என்று அவர் சொன்னதை, என் வயதுப் பெண்கள் அனைவருக்கும் சேர்த்தே இங்கே பதிவு செய்கிறேன். எனக்கு யாரும் அதற்கு முன் சொன்னதில்லை. ஹீமோகுளோபின் 9.8 என்று கண்டுபிடித்து, இரும்புச் சத்து மாத்திரையோடு காப்பி குடித்தால் சத்து உடலில் சரியாகச் சேராது என்று என் காலைக் காப்பியை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தவரும் அவர் அனுப்பிய மருத்துவரே. கோவைக்காரியான எனக்கு அது சிறிய விஷயம் அல்ல.

அதே மருத்துவர்தான் தண்ணீரைப் பற்றியும் எச்சரித்தார். தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1985-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை, நெடுந்தூர ஓட்டங்களில் தேவைக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்தவர்களின் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்து போனதை எடுத்துக்காட்டியது. ஏப்ரல், மே வெயிலில் பயிற்சி எடுத்த நான், பயத்தில் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தவள். தாகத்துக்குக் குடியுங்கள், வலி மாத்திரையை ஓட்டத்தின்போது தொடவே தொடாதீர்கள், சிறுநீரகம் தாங்காது என்ற என் மருத்துவரின் இரண்டு வாக்கியங்களை அட்டையில் எழுதி இடுப்புப் பையில் வைத்திருந்தேன்.

வங்கிக் கிளைத் தோழர்களே, மார்ச் 31 ஆண்டு முடிவும் என் பயிற்சியின் கடினமான வாரங்களும் ஒன்றாக வந்தன. இரவு ஒன்பதரை வரை நீங்கள் இருந்தீர்கள், என்னை ஏழு மணிக்கு அனுப்பினீர்கள். அதை நான் கேட்டுப் பெறவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது.

அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. குடும்பப் பெண் அரைக்கால் உடையில் ஓடுவதை அவர் விரும்பவில்லை. அதைச் சொல்லவும் செய்தார். சொன்ன பிறகும், ஒவ்வொரு வெள்ளி இரவும் அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி, நெய் விட்டு, மறுநாள் நீண்ட ஓட்டம் என்பதால் இன்னொரு கரண்டி வைத்தார். உப்புத் தூவிய உருளைக்கிழங்கு வேகவைத்து வாழையிலையில் கட்டிக் கொடுத்தார். விருப்பமில்லாத ஒன்றுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் துணை நிற்பது, விரும்பி உதவுவதைவிட எவ்வளவு பெரிது என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

ஓட்ட நாளைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். அங்கே ஜூன் மாதம் குளிர்காலம். விடியுமுன் ஐந்தரை மணிக்கு, பதிவு செய்யப்பட்ட சேவல் கூவலுக்கும் துப்பாக்கிச் சத்தத்துக்கும் பிறகு கிளம்பினோம். பாலி ஷார்ட்ஸ் இறக்கமும் இஞ்சாங்கா ஏற்றமும் கடந்து, பாதித் தூரமான ட்ரம்மண்டுக்கு வந்தபோது கால்கள் நன்றாகவே இருந்தன. சற்றுத் தள்ளி, ஐந்து முறை வென்ற ஆர்தர் நியூட்டன் ஓய்வெடுத்ததாகச் சொல்லப்படும் இடத்தில், ஓடுபவர்கள் ஒரு பூவை வைத்துக் காலை வணக்கம் சொல்லிச் செல்வது வழக்கம். சாலையோரப் பூ ஒன்றை வைத்தேன். என் மனத்தில் நின்றவர் எங்கள் பூக்கார அம்மா. ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில், கோத்தகிரி சாலை எனக்குக் கைகொடுத்தது. பலர் அங்கே பக்கவாட்டில் அடியெடுத்து இறங்கிக்கொண்டிருந்தபோது என்னால் ஓட முடிந்தது.

வெஸ்ட்வில் பகுதியில்தான் நான் நின்றுபோனேன். வயிறு எதையும் ஏற்கவில்லை. சாலையோரம் மடக்கு நாற்காலியில் அமர்ந்திருந்த முதிய பெண்மணி ஒருவர், என் எண் அட்டையில் அச்சிட்டிருந்த பெயரைப் படித்து, “வாம்மா” என்று அழைத்தார். 1860-ஆம் ஆண்டு முதல் சென்னையிலிருந்து கப்பலேறி நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல் அவர். தமிழில் அவருக்கு அந்த ஒரு சொல்லும் இன்னும் சில சொற்களும்தான் எஞ்சியிருந்தன. மீதியை ஆங்கிலத்தில் பேசினார். ஒரு கிண்ணத்திலிருந்து உப்புப் போட்ட உருளைக்கிழங்கை எடுத்து நீட்டினார். அத்தை கட்டிக்கொடுத்ததும் அதேதான். அதைத் தின்றேன், வயிறு ஏற்றுக்கொண்டது. அவர் பெயரைக் கேட்காமல் ஓடிவிட்டேன்.

இந்த ஓட்டத்தை 1921-இல் தொடங்கியவர் ரயில் எஞ்சின் ஓட்டுநரான விக் கிளாப்ஹாம். முதல் உலகப் போரில் இறந்த தம் தோழர்களின் நினைவாகத் தொடங்கினார். நான் ஓடியதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1923-இல், ஃபிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண்ணின் விண்ணப்பத்தை மறுத்தார்கள். அவர் அதிகாரப்பூர்வமின்றியே 11 மணி 35 நிமிடத்தில் ஓடி முடித்தார். பதக்கம் கிடைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மக்கள் தம் பணத்தில் அவருக்கு வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்களை வாங்கிக் கொடுத்தார்கள். பெண்களை முறைப்படி சேர்த்துக்கொள்ள 1975 வரை ஆயிற்று. கறுப்பினத்தவரையும் அந்த ஆண்டுதான் சேர்த்தார்கள். கிங்ஸ்மீட் மைதானத்தின் புல்லில் கால் வைத்தபோது நான் நினைத்தது அந்தத் தேநீர்ப் பாத்திரங்களை வாங்கியவர்களையும், தாள்களைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்த நால்வரையும்தான்.

பதினோரு மணி நேரத்துக்கு மேல், பன்னிரண்டுக்குள் முடிப்பவர்களுக்கு விக் கிளாப்ஹாம் பெயரில் ஒரு செப்புப் பதக்கம் தருகிறார்கள். மிகச் சிறியது, உள்ளங்கையில் மறைந்துவிடும். தூய்மைப் பணியாளர் சகோதரிகள் அதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வரும் வியாழக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு, மஸ்டருக்கு முன்னதாக, தேநீர்க் கடை வாசலுக்கு அதை எடுத்து வருகிறேன். செய்தித்தாள் தம்பிகள் தம் சுற்றுக்குக் கிளம்புமுன் வர இயலுமா என்று கேட்டிருக்கிறேன். காவலாளி ஐயா பணி மாறும் நேரத்தில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இம்மடலில் குறிப்பிட்டுள்ள சிலருக்கு இதைப் படிக்கும் வாய்ப்பு இராது என்பதால், அன்று அங்கே இதை முழுவதுமாக வாசிக்கிறேன். அத்தையும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
ரேஸ்கோர்ஸில் நீங்கள் ‘பேங்க் அம்மா’ என்று அழைப்பவள்