கண் தெளிந்த பிறகு பார்த்த பேனா

அன்புள்ள ராகவனுக்கு,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. சொட்டு மருந்தை நிறுத்தியாயிற்று. பேனா கடைகிற லேத் பக்கம் போகக் கூடாது என்ற தடையும் போன வாரம்தான் நீங்கியது. தடை போட்டது டாக்டர் பாதி, வீட்டு அம்மா பாதி.

பேனா கடைய மரத்துண்டுகளுக்கு நடுவே உலோகத் தகடு வைத்து ஒட்டுகிறாயே, அந்த ஒட்டுக்கட்டை தகடு வைத்த இடத்தில் மட்டும் பிரிந்துவிடுகிறது, பசை மோசமா என்று கேட்டிருந்தாய். பசை மேல் பழி போடாதே. நீ சூப்பர் குளூ போட்டிருப்பாய், அடுத்த அரை மணியில் டிரில் போட்டிருப்பாய். உன் அவசரம் எனக்குத் தெரியாதா? மரத்துக்கும் மரத்துக்கும் என்றால் அது தாங்கும். நடுவே உலோகம் வந்தால் கதை வேறு. டிரில் பிட் தகட்டைத் தொட்டவுடன் சூடு ஏறும், அந்தச் சூடு தகடு முழுவதும் பரவி, ஒட்டின பரப்பிலேயே போய் உட்காரும். பசை இளகும். அந்த நேரம் பார்த்து பிட் தகட்டைக் கவ்வினால் பாதிக் கட்டை வைஸில் நிற்கும், மீதிப் பாதி பிட்டோடு சேர்ந்து சுற்றும். எனக்கு ஒரு தடவை அப்படிச் சுற்றி, கட்டைவிரல் நகம் கறுத்துப்போய் மூன்று மாதம் இருந்தது. வைஸில் மாட்டாமல் கட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு துளை போட்டவனுக்கு வேறென்ன கிடைக்கும்!

இப்போது நான் செய்வது இதுதான். தகட்டின் இரண்டு பக்கத்தையும் 120ஆம் நம்பர் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, பளபளப்பே இல்லாமல் ஆக்கி, அசிட்டோனில் துடைத்துவிடுவேன். அதன் பிறகு விரல் படக் கூடாது. அலுமினியமாக இருந்தால் தேய்த்த கையோடு ஒட்டிவிட வேண்டும், தேய்த்ததுமே அதன் மேல் ஆக்சைடு படலம் பிடித்துக்கொள்ளும். பசை, நிதானமாக இறுகும் எப்பாக்ஸி. ஐந்து நிமிஷ ரகம் வேண்டாம். கவ்வியை உன் பலம் முழுக்கப் போட்டு இறுக்காதே, இருக்கிற பசையெல்லாம் வெளியே பிதுங்கி மூட்டு வறண்டு போகும். ஒரு நாள் முழுக்க அப்படியே விடு.

நேர்க்குறுக்காக வைக்கிற தகடு என்றால் இன்னொரு வழியும் உண்டு. பேனாவுக்கு உள்ளே போகிற பித்தளைக் குழாய்க்கு 7 மி.மீ. பிட் போடுகிறாய் அல்லவா? ஒட்டுவதற்கு முன்பே தகட்டின் நடுவில் 8 மி.மீ. துளை போட்டுவிடு. நடு மட்டும் பிசகாமல் ஒட்டினால் பிட் உலோகத்தைத் தொடவே தொடாது. சாய்வாக வைக்கிற பட்டைக்கு இது சரிப்படாது. அங்கே கூரான பிட், குறைந்த வேகம், அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிட்டு ஆறவிடுவது, அவ்வளவுதான்.

சாய்வுப் பட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. கட்டையை நாலு பக்கமும் சாய்வாக வெட்டி, வளையங்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்ட மாதிரி செய்கிற அந்த முடிச்சு வேலையில், ரம்பம் தின்ற அகலமும் நீ செருகுகிற பட்டையின் கனமும் ஒன்றாக இருக்க வேண்டும். என் ரம்பம் ஒன்றரை மி.மீ. தின்கிறது. அரை மி.மீ. செம்புத் தகட்டை மட்டும் செருகினால் வளையங்கள் சந்திக்கிற இடத்தில் இடறிக்கொண்டு நிற்கும். அதனால் செம்புக்கு இரண்டு பக்கமும் அரை மி.மீ. கறுப்பு வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு, வைத்து ஒட்டி, மூன்றும் சேர்ந்து ஒன்றரை ஆக்கிக்கொள்கிறேன். கறுப்புக்கு நடுவே செம்பு ஒரு மயிரிழை போல ஓடுவது தனி அழகு. கொஞ்சம் பசை தெரிந்தாலும் கறுப்பு அதை விழுங்கிவிடும். வெட்டும்போது கட்டையை முழுக்க அறுத்துவிடாதே, அடியில் ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கட்டும்.

இனி என் வண்டவாளம். போன வருஷம் உனக்கு ஒரு பேனா கொடுத்தேனே, வெள்ளை மேப்பிள் மரமும் கருங்காலியும் மாறி மாறி, நடுவில் இரண்டு அலுமினிய வளையம். நீயும் புகழ்ந்து எழுதியிருந்தாய். அதே கட்டையில் கடைந்த ஜோடி என் மேஜையில் இருக்கிறது. புதுக் கண்ணோடு அதை எடுத்துப் பார்த்தேன். சீ என்று ஆகிவிட்டது! மேப்பிள் வெள்ளையாகவே இல்லை. வளையத்தின் இரண்டு பக்கமும் புகை படிந்த மாதிரி சாம்பல் நிறம். உப்புத்தாள் போடும்போது அலுமினியத் தூள் மரத்தின் நுண்துளைகளில் இறங்கியிருக்கிறது. அதை மரத்தின் இயல்பான நிழல் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நகத்தை ஓட்டிப் பார்த்தால் வளையம் மேடாகத் தட்டுகிறது, ஏனென்றால் உப்புத்தாளுக்கு மரம் சீக்கிரம் தேயும், உலோகம் தேயாது. விரலால் அழுத்தித் தேய்த்தது தப்பு. பின்னால் ஒரு கெட்டியான சின்னக் கட்டை வைத்திருக்க வேண்டும்.

இப்போது உளியை நன்றாகத் தீட்டிக்கொண்டு, முடிந்தவரை உளியாலேயே அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். உப்புத்தாளுக்கு முன்பு தண்ணீர் மாதிரி ஓடுகிற ரக சூப்பர் குளூவை ஒரு பூச்சு பூசி மரத்தின் துளைகளை அடைத்துவிடுகிறேன். ஒட்டுவதற்கு ஆகாதது இதற்கு ஆகிறது பார். தூளைத் துணியால் துடைப்பதில்லை, துடைத்தால் இன்னும் உள்ளே போகும். ஊதிவிடுவதோடு சரி. பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் ஊதுகிறேன். இந்தக் கண்ணை இன்னொரு தடவை டாக்டரிடம் காட்ட வேண்டாம்.

அதனால் உன்னிடம் இருக்கும் பேனாவை மறக்காமல் திருப்பி அனுப்பு. வேறொன்று கடைந்து தருகிறேன், இந்தத் தடவை செம்பு. உள்ளே இருக்கும் ரீஃபில்லைக் கழற்றி நீயே வைத்துக்கொள், அதில் மட்டும் எந்தக் குறையும் இல்லை.

உன்,
சுந்தரம்