த்ராட்டில் ஒயரிங்: தடித்த ஒயர் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலி கடித்துப் பாழான எலெக்ட்ரானிக் த்ராட்டில் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவை ஒரு தகடால் கட்டுப்படுத்தும் பகுதி) ஒயரிங்கை எப்படிச் சரிசெய்வது என்று வாசகர் ஒருவர் கேட்டதற்கு, தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில், "நல்ல தடிமனான செப்பு ஒயராகப் பார்த்து அத்தனையையும் மாற்றிவிடுங்கள்" என்று பதில் தரப்பட்டிருந்தது. செப்பு என்றது சரி. தடிமன் என்றது அந்த ஒயர்களில் இரண்டுக்கு மட்டும் பொருந்தும். மற்றவற்றில் அது பயன் தராது என்பதோடு புதிய பழுதுக்கும் வழிவிடும். பல ஆண்டுகளாக வாகன மின்பணி செய்துவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பழைய கார்களில் ஆக்சிலரேட்டர் பெடலையும் த்ராட்டிலையும் ஓர் இரும்புக் கேபிள் இணைத்தது. இப்போது பெடலில் இருப்பது சென்சார் மட்டுமே. அது சொல்லும் மின்னழுத்தத்தைப் படித்து, த்ராட்டில் பாடியில் உள்ள சிறு மோட்டாரை இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, திருப்புகிறது. பெரும்பாலான கார்களில் பெடலுக்கு ஆறு ஒயர், த்ராட்டில் பாடிக்கு ஆறு ஒயர். இந்தப் பன்னிரண்டில் மோட்டாருக்குச் செல்லும் இரண்டு ஒயர்களே வேலைக்கான மின்சாரத்தைச் சுமப்பவை. மீதிப் பத்தும் 5 வோல்ட் இணைப்பு, சென்சார் எர்த் (மின்சாரம் திரும்பும் ஒயர்), சிக்னல் ஆகியவை.

மோட்டார் ஒயர்களை முதலில் பார்ப்போம். த்ராட்டில் ஒரே நிலையில் நிற்கும்போது மோட்டார் ஓரிரு ஆம்பியருக்கு மேல் இழுப்பது அரிது. ஆனால் சட்டென்று திறக்கும்போதோ, உள்ளே கரி படிந்து தகடு சிக்கிக்கொள்ளும்போதோ அது பல மடங்கு உயரும். 0.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயருக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 37 மில்லி ஓம் மின்தடை உண்டு. போக இரண்டு மீட்டர், வர இரண்டு மீட்டர் என்று கொண்டால், 8 ஆம்பியர் பாயும் கணத்தில் 1.2 வோல்ட் வழியிலேயே வீணாகும். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இழப்பு இதில் பாதிதான். ஆகவே இந்த இரண்டுக்கும் 0.75 அல்லது 1 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போடலாம். பழைய ஒயர் அதைவிடத் தடிப்பாக இருந்திருந்தால் அந்த அளவையே பின்பற்ற வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் சீராகப் போவதில்லை, விட்டுவிட்டுத் துடிப்புகளாகவே போகிறது என்பதால், இரண்டையும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு முறுக்கு என்ற அளவில் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுசெல்வது நல்லது. அருகில் ஓடும் சிக்னல் ஒயர்களுக்கு இரைச்சல் தொற்றாமல் இருக்க அதுவே மலிவான வழி.

சிக்னல் ஒயரில் பாயும் மின்சாரமோ ஒரு மில்லி ஆம்பியரைக்கூட எட்டாது. சென்சாருக்கு 5 வோல்ட் தரும் ஒயரில் 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலும், இரண்டு மீட்டர் நீளத்தில் 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழப்பது ஒரு மில்லி வோல்ட்டுக்கும் குறைவு. இங்கே தடிமனைக் கூட்டிப் பயனில்லை. பார்க்க வேண்டியது எர்த்தை. சென்சாரின் எர்த் ஒயர் எலி கடித்து அறுந்திருந்தால், அதை அருகிலுள்ள கார் பாடியில் திருகிவிடும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. ஸ்டார்ட்டர், விளக்குகள், ஃபேன் எல்லாவற்றின் மின்சாரமும் திரும்பும் பாதை அந்த பாடிதான், அங்கே 0.3 வோல்ட் ஏறினால், 5 வோல்ட்டில் அது 6 சதவீதப் பிழையாகும். பெடல் சென்சாரில் இரண்டு தடங்கள், அதாவது தனித்தனியே அளக்கும் இரண்டு சிக்னல்கள், வைத்திருப்பதே ஒன்றோடொன்றை ஒப்பிட்டுச் சரிபார்க்கத்தான். பல கார்களில் ஒன்றின் மின்னழுத்தம் மற்றதில் பாதியாக வரும்படி அமைத்திருப்பார்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் பி2135, பி2138 போன்ற பழுதுக் குறியீடுகளைப் பதிந்துவிட்டு, இசியூ வண்டியை லிம்ப் மோடுக்கு (பாதுகாப்புக்காக இன்ஜின் வேகத்தைக் குறைத்து ஓட்டும் நிலைக்கு) தள்ளிவிடும். அதைப் பார்த்துப் பெடலையும் த்ராட்டில் பாடியையும் மாற்றிச் செலவழித்தவர்களை நான் அறிவேன். எர்த் ஒயர் இசியூவுக்கே திரும்ப வேண்டும். வேறெங்கும் தொடக் கூடாது.

தடிமனைவிட முக்கியமானது ஒயரின் மேலுறை. வீட்டு ஒயரிங்கில் போடும் சாதாரண பிவிசி ஒயர் பெரும்பாலும் 70 டிகிரி செல்சியஸுக்குத்தான் ஏற்றது. வாகனத்துக்கென வரும் பிவிசி ஒயர்கள் வகையைப் பொறுத்து 80 முதல் 105 டிகிரி வரை தாங்கும். பெடல் பக்கம், அதாவது காருக்குள்ளே, இவை தாராளமாகப் போதும். இன்ஜினை ஒட்டிய பகுதிக்கு 125 டிகிரி தாங்கும் குறுக்கிணைப்புப் பாலித்தீன் உறை கொண்ட ஒயரே என் தேர்வு. டிஎக்ஸ்எல் என்று அச்சிட்டு வரும் மெல்லுறை ஒயர் இந்த வகைதான். விமானங்களில் பயன்படும் 150 டிகிரி டெஃப்செல் ஒயரைச் சிலர் பெருமையாகப் பரிந்துரைப்பார்கள். நல்ல ஒயர்தான். ஆனால் அந்த உறையை உரிக்கத் தகுந்த கருவி இல்லையென்றால், உரிக்கும்போதே உள்ளிழைகள் வெட்டுப்படும்.

மெல்லுறை என்பது இங்கே தற்செயலாக வந்த சொல் அல்ல. நீர் புகாத கனெக்டர்களில் ஒவ்வொரு ஒயரும் அதன் வெளிவிட்டத்துக்கு ஏற்ற ரப்பர் சீல் வழியாகவே நுழைகிறது. தடித்த உறை கொண்ட ஒயரைத் திணித்தால் சீல் கிழியும், நீர் இறங்கும், உள்ளே உலோகப் பின்களில் பச்சை பூக்கும். உள்ளே ஒயர் முனையில் கிரிம்ப் செய்யும் (கருவியால் நசுக்கிப் பிடிக்கும்) டெர்மினலும் குறிப்பிட்ட அளவு ஒயருக்கென்றே செய்யப்பட்டது. கேள்வி கேட்ட வாசகர் தடித்த ஒயரை வாங்கியிருந்தால் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் இதுவாகத்தான் இருக்கும்.

செப்பு முலாம் பூசிய அலுமினிய ஒயரும் செப்பு என்ற பெயரில் விற்கப்படுகிறது. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். எடையும் குறைவாக இருக்கும். தூய அலுமினியத்தின் மின்தடை செப்பைப்போல் 1.6 மடங்கு, அதைவிட, அதிர்வில் இழைகள் எளிதாக ஒடியும், கிரிம்ப்பும் நாளடைவில் தளரும். ஒற்றைக் கம்பி ஒயரும் அதிர்வுக்கு ஆகாது. பல நுண்ணிழைகள் கொண்டதே வேண்டும். இதே காரணத்தால்தான் இன்ஜின் மீது சாலிடர் இணைப்பையும் தவிர்க்கச் சொல்கிறேன்: உருகிய ஈயம் இழைகளுக்குள் ஊறி விறைத்துக்கொள்ள, அந்த விறைப்பு முடியும் இடத்தில் ஒயர் முறிகிறது. சரியான கருவியால் செய்த கிரிம்ப், அதன்மேல் சூடாக்கினால் சுருங்கி இறுகும் பசையுள்ள சுருங்குகுழாய் என்று செய்தால் போதும். பழைய ஒயரில் ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) இருந்திருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும். அதை இசியூ பக்கத்தில் மட்டும் எர்த் செய்ய வேண்டும்.

வேலை முடிந்ததும் வண்டியைக் கிளப்புவதற்கு முன், சாவியை ஆன் நிலையில் வைத்துப் பெடலை மெல்ல அழுத்திக்கொண்டே இரண்டு தடங்களின் மின்னழுத்தத்தையும் பார்த்துவிட வேண்டும். ஒயர்க்கட்டை அங்கங்கே அசைக்கும்போது எண்கள் குதித்தால் எங்கோ ஓர் இணைப்பு சரியில்லை. அந்த வாசகர் பழைய ஒயரை வெட்டி எறிவதற்குள் இந்தத் திருத்தம் அவர் கண்ணில் படும்படி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாகன மின்பணியாளர் ஒருவர்