வில்லுப்பாட்டை முழுசாகப் பாட விடுங்கள்: எங்கள் ஊர்க் கொடைக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கமிட்டி அண்ணாச்சிமாருக்கு, வணக்கம்.

இந்த வருசம் நம் சுடலைமாடசாமி கோயில் கொடைத் திருவிழாவில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் அங்கேதான் இருந்தீர்கள். அடுத்த கொடைக்கு வீட்டுக்கு வீடு வரி எழுத உட்காருமுன் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வில்லுப்பாட்டை முழுசாகப் பாட விடுங்கள்.

வில்லுக்காரர்கள் பொழுது சாயும் முன்பே வந்துவிட்டார்கள். காமெடி நிகழ்ச்சி முடியட்டும் என்று அவர்களை ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார வைத்தீர்கள். கீழே ஒயரும் நாற்காலியுமாகக் கிடந்ததால் குடம் அடிக்கிறவர் குடத்தை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பாடுகிற அம்மாவுக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். டீசல் புகையில் தொண்டை கட்டி, இருமி இருமித் தண்ணீர் கேட்டார்கள். ஒரு சோடா வாங்கிக் கொடுக்கக்கூட நம்மில் ஆளில்லை. நடுச்சாமத்தில் கூப்பிட்டு, "சாமக்கொடை பூசைக்கு நேரமாச்சு, அரை மணி நேரத்துல முடிங்க" என்றீர்கள். கதையில், விளக்குச் சுடரில் பிறந்த சுடலைமாடன் சுடுகாட்டுக்குப் போவதற்குள் மைக்கை அணைத்தாயிற்று. அவன் கோயிலிலேயே அவன் கதைக்கு நேரமில்லை. அப்புறம், அரை மணி நேரம்தானே பாடினீர்கள் என்று பேசின பணத்திலும் பிடித்தம்.

அந்தக் காமெடியில் என்ன இருந்தது? கறுப்பாக இருக்கிறவள், குண்டாக இருக்கிறவன், திக்கிப் பேசுகிறவன், இவர்களைத் தவிர சிரிப்பதற்கு வேறு எதுவுமே இல்லை. கொடை முடிந்த வாரத்தில் நம் தெருக்குழாயில் நின்ற ஒரு பிள்ளையை, பேச்சு கொஞ்சம் திக்கும் அவளுக்கு, நாலைந்து பையன்கள் மேடையில் கேட்ட அதே வசனத்தைச் சொல்லிச் சீண்டினார்கள். குடத்தை அப்படியே போட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். பக்கத்தில் நின்ற பெரியவர்களும் சேர்ந்து சிரித்தார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. பையன்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது நம் வரிப்பணம்.

வில்லுப்பாட்டில் சிரிப்பு இல்லையா? புலவர் கதை சொல்லும்போது பக்கத்தில் இருக்கிறவர் குறுக்கே விழுந்து கேட்கிற கேள்விக்கு எத்தனை தடவை வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்! அந்தக் கேலி வரி பாக்கி வைத்த பணக்காரர் மேலும், ஒரு மழைக்குத் தாங்காத ரோட்டைப் போட்ட காண்ட்ராக்டர் மேலும், கமிட்டி மேலும்தான் விழும். கேலிக்கு ஆளானவரே முன்வரிசையில் இருந்து சிரித்துவிட்டு, எழுந்து போய்ப் புலவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிட்டு வருவார். பெரிய மனுசனைச் சாமி முன்னால் கேலி பண்ணலாம், அவரும் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை நாங்கள் சின்ன வயதில் அங்கே உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டோம். முத்துப்பட்டன் கதையில் பிராமணப் பிள்ளை பூணூலைக் கழற்றிவிட்டு, செருப்புத் தைக்கிற வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொள்ளச் செருப்புத் தைக்க உட்காருவதை நம் தாத்தாமார் விடிய விடியக் கேட்டிருக்கிறார்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்ற பேரில் இருக்கிற அந்த முத்துப்பட்டனுக்கு இன்றைக்கும் செருப்புதான் காணிக்கை. சாதி ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் ஒழிய வேண்டியது என்று சொல்ல ஒரு ராத்திரியாவது இருந்தது, அதையும் இப்போது காமெடிக்குக் கொடுத்துவிட்டோம்.

நாடு கெட்டுப்போச்சு, ஜனங்களுக்கு ஈவு இரக்கம் இல்லை என்று டீக்கடையில் பேசுகிறோம். நாட்டு ஜனம் என்றால் யார், தெருக்குழாயில் நின்று சிரித்தவர்கள்தானே? சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்துக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது நம்ம ஜில்லாக்காரர் என்று எல்லாரும் பெருமையடித்தோம். அவர் எடுத்த அதே வில்லைத்தான் ஜெனரேட்டர் பக்கத்தில் சாத்தி வைத்தோம்.

இளவட்டங்கள் வில்லு கேட்பதில்லை என்பீர்கள். நடுச்சாமத்தில் அரை மணி நேரம் கொடுத்தால் யார் கேட்பார்கள்? போலீஸ் பத்து மணிக்கு மைக்கை நிறுத்தச் சொல்கிறது என்றால் பொழுது சாயும்போதே வில்லை ஏற்றுங்கள்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கொடையில் வில்லுப்பாட்டை முழுசாகப் பாட விடுங்கள், மனுசர் உடம்பையும் குறையையும் கேலி பண்ணுகிறவர்களை நம் மேடையில் ஏற்றாதீர்கள். பிடித்த பணத்தை அந்த அம்மாவுக்கு இந்த மாதமே அனுப்பிவிடுங்கள். கமிட்டியில் கையிருப்பு இல்லையென்றால் சொல்லுங்கள், எங்கள் தெருவில் பிரித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
மேலத்தெரு வரிக்காரன்