மூன்று ராத்திரிக்கு ஒரு படம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் "நான் சொன்ன படமெல்லாம் பாத்தீங்களா, எப்படி இருந்துச்சு" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா போனை வாங்கி "எல்லாம் நல்லாருக்கும்மா, நீ சாப்பிட்டியா" என்று முடித்துவிட்டார். அவருக்கு இன்னும் எஸ்டிடி பூத்தில் மீட்டர் ஓடுகிற நினைப்புதான். எல்லாம் ஒன்றும் நல்லாருக்கவில்லை. சிலது நன்றாக இருந்தது, சிலதுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் சண்டையே வந்தது. அதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அதனால் மத்தியானம் அவர் அசந்து தூங்குகிற நேரம் பார்த்துப் போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் கண்டுகொள்ளாதே.

முதலில் நாங்கள் படம் பார்க்கிற லட்சணத்தைச் சொல்கிறேன். பொங்கலுக்கு வந்தபோது மாப்பிள்ளை டிவியில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாரே, அன்றிலிருந்து ஒரு படத்தையாவது நாங்கள் ஒரே மூச்சில் பார்த்தது கிடையாது. ஏழரைக்குச் சாப்பாடு, எட்டுக்குப் படம், ஒன்பதேகாலுக்கு அப்பாவுக்குக் கண் சொக்கிவிடும். நடுவில் அடுப்பில் பால் பொங்கும், எதிர்வீட்டு அக்கா தயிருக்கு உறை கேட்டு வருவாள், வந்தவள் நின்றபடியே பத்து நிமிஷம் பார்த்துவிட்டு "இவன் நல்லவனா கெட்டவனா" என்று கேட்பாள், அவளுக்குக் கதை சொல்ல வேண்டும். ஆக ஒரு படம் மூன்று ராத்திரி ஓடும். 2022-ல் எங்களைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்ப் பொன்னியின் செல்வன் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா, அங்கே மூன்று மணி நேரம் நாங்கள் வாயே திறக்கவில்லை, வெளியே வந்ததும் "ஏசி ரொம்ப ஜாஸ்தி" என்று மட்டும் பேசிக்கொண்டோம். வீட்டில் அப்படி இல்லை. படம் பாதி, பேச்சு பாதி.

மெய்யழகன் கதையைக் கேள். "அழுதுருவம்மா" என்று சொல்லித்தானே பார்க்கச் சொன்னாய், நானும் முந்தானையைத் தயாராக வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அரவிந்த்சாமி தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலத்துக்குப் பஸ் ஏறுகிறார். தங்கச்சிக்குக் கல்யாணம், தலையைக் காட்டிவிட்டு ராத்திரியே கிளம்பிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. அவ்வளவுதான், அப்பா ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டார். முப்பத்தொரு வருஷம் அந்தப் பக்கம் டிக்கெட் கிழித்த மனுஷன் இல்லையா. சாலியமங்கலம், அம்மாபேட்டை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து நீடாமங்கலத்தில் நின்றார். "அந்த ஊர்ப் பேரைக் கேட்டாலே எனக்கு ரயில்வே கேட்டுதான் ஞாபகம் வருது. என் சர்வீஸ்ல பாதி அந்தக் கேட்லயே போச்சு. மேம்பாலம் வரும் வரும்னு சொல்லிச் சொல்லியே நான் ரிட்டயர் ஆயிட்டேன்." அப்புறம் அவராகவே ஓட விட்டார். ஆனால் மூன்றாவது ராத்திரி, அரவிந்த்சாமி கடைசி பஸ்ஸைத் தவறவிடுகிற இடம் வந்ததும் மறுபடியும் நிறுத்தம். "கடைசி பஸ்ஸை விட்டானாம்! திருவாரூர் வண்டி, நாகப்பட்டினம் வண்டி, தஞ்சாவூர் போற எல்லாமே அந்த வழியாத்தான் வந்தாகணும், ஒண்ணுகூடவா இருக்காது?" நான் சொன்னேன், பஸ் இருந்தால் படம் இல்லை, சும்மா இருங்கள் என்று.

இரண்டாவது ராத்திரிதான் அப்பா சும்மா இருந்தார். மேடையில் தங்கச்சி, அண்ணன் கொண்டுவந்த பரிசை எல்லார் முன்னாலும் அங்கேயே பிரிக்கிற இடம். நான் எதிர்பார்த்த இடத்தில்தான் அழுதேன், அதில் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தார். ராத்திரி எட்டே முக்காலுக்கு எதற்கு மோட்டார் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவது ராத்திரி முழுக்க கார்த்தி பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். எனக்குக் கொஞ்சம் கொட்டாவி வந்தது, பொய் சொல்ல மாட்டேன். தியேட்டரில் வந்த பிறகு நீளம் என்று பதினெட்டு நிமிஷம் வெட்டினார்களாமே, இன்னும் ஒரு பத்து நிமிஷம் வெட்டியிருந்தாலும் நான் கோபித்துக்கொண்டிருக்க மாட்டேன். அப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "சொந்தக்காரன் வீட்ல ராத்திரி தங்குனா பேசத்தான் செய்வான், வாட்ச்சைப் பாத்துட்டா பேசுவான்" என்றார். இவ்வளவு அன்பாக இருக்கிறவனுடைய பெயர் அரவிந்த்சாமிக்குத் தெரியவில்லை, கேட்கவும் வெட்கம், அந்தத் தவிப்பு இருக்கிறதே, அந்த இடத்தில் அப்பா நிறுத்தி, "எனக்கும் ஒருத்தன் இருந்தான்" என்றார்.

நாற்பது வருஷம் குடும்பம் நடத்தி இந்தக் கதையை நான் கேட்டதில்லை பாப்பா. வடுவூர்க்காரராம். ஏதோ ஒரு வழியில் நமக்கு மச்சான் முறை. எங்கள் கல்யாணத்தில் இரண்டு நாள் பந்தியில் தண்ணீர் ஊற்றியது அந்த ஆள்தானாம். எனக்கு முகம்கூட நினைவில்லை. அப்பா வண்டியில் ஏறும்போதெல்லாம் "மச்சான்" என்று சிரித்துக்கொண்டே சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்து டிக்கெட் வாங்குவாராம், சொந்தக்காரன் என்று ஒரு நாளும் சும்மா வந்ததில்லை. ஒருமுறை அப்பாவுக்குக் காய்ச்சல் என்று தெரிந்து டெப்போ வாசலில் ஒரு பை நிறைய நார்த்தங்காயை வைத்துவிட்டுப் போனாராம். "பேரு தெரியாது. வாங்க மாப்ள, போங்க மாப்ளன்னே முப்பது வருஷத்தை ஓட்டிட்டேன்." படத்தை அன்றைக்கு முடிக்கவே இல்லை. மறுநாள் வடுவூர் அத்தைக்குப் போன் போட்டு, பெயரும் நம்பரும் விசாரித்து, நாள்காட்டி அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார். இரண்டு வாரம் ஆகிறது, இன்னும் பேசவில்லை. "என்னன்னு ஆரம்பிக்கிறது" என்கிறார்.

மற்ற படங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகாராஜா எனக்கு ஆகவில்லை. விஜய் சேதுபதி குப்பைத்தொட்டியைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறவரைக்கும் சிரித்தேன், அதற்கப்புறம் அந்த வெட்டும் குத்தும் என்னால் முடியவில்லை, தியேட்டர் என்றால் நாலு பேர் கூட இருப்பார்கள், நம் கூடத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு இதெல்லாம் தேவையா. நான் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். ஆனால் முடிவு தெரியாமல் எப்படி இருப்பது, காலையில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டே அப்பாவிடம் கதை கேட்டேன். படத்தில் முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் கலைத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள் அல்லவா, அப்பா எல்லாவற்றையும் நேராக அடுக்கி, பிறந்தது வளர்ந்தது என்று முதலிலிருந்து சொன்னார். கடைசியில் திடுக்கிட வேண்டிய விஷயம் அவர் சொன்ன இரண்டாவது வரியிலேயே வந்துவிட்டது. இதுக்கா மூன்று ராத்திரி முழித்தீர்கள் என்று கேட்டேன்.

டூரிஸ்ட் ஃபேமிலி ரெண்டு பேருக்கும் பிடித்தது. வல்வெட்டித்துறையிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்து இறங்கி, ஒரு காலனியில் குடியேறுகிற குடும்பம். சின்ன வயசில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவள் நான், அந்தப் பேச்சு காதில் விழுந்தாலே உடம்பு லேசாகிவிடும். சிம்ரனுக்கு வயசானது எவ்வளவு அழகாக இருக்கிறது, பார்த்தாயா? டைரக்டர் இருபத்துச் சொச்சம் வயசுப் பையனாமே. ஒரு குறை என்னவென்றால் படத்தில் கெட்டவன் என்று பெயருக்குக்கூட யாரும் தேறவில்லை. அப்பா சொன்னார், "இந்த காலனில நமக்கும் ஒரு வீடு கிடைக்குமான்னு பாப்பாவை விசாரிக்கச் சொல்லு." லப்பர் பந்து அவருக்கு விஜயகாந்த் பாட்டுக்காகவே பிடித்துப்போனது. 'நீ பொட்டு வெச்ச தங்கக்குடம்' வந்ததும் காலால் தாளம். தனியார் பஸ்காரன் அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் போனால் அன்றைக்கு அரசாங்க வண்டிக்குக் கலெக்ஷன் அடி வாங்குமாம். எனக்குப் பிடித்தது ஸ்வாசிகா. கிரிக்கெட் கிரிக்கெட் என்று திரிகிற புருஷனோடு மல்லுக்கட்டுகிற அந்த முறைப்பு இருக்கிறதே, அதை நானும் வெள்ளிக்கிழமை சீட்டாட்டக் காலத்தில் முறைத்திருக்கிறேன்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். 3பிஹெச்கேயும் பறந்து போவும்.

இரண்டும் ஒரே நாளில், 2025 ஜூலை 4-ல், வந்த படங்களாம். நம் வீட்டில் கலகம் மூட்டுவதற்கென்றே ஜோடி சேர்த்து விட்ட மாதிரி இருக்கிறது. முதலில் 3பிஹெச்கே பார்த்தோம். சரத்குமாரையும் தேவயானியையும் புருஷன் பெண்டாட்டியாகப் பார்த்ததும் எனக்குச் சூர்யவம்சம் இட்லி உப்புமாதான் நினைவுக்கு வந்தது, சிரித்துவிட்டேன். அப்பாவும் ஆரம்பத்தில் ஜாலியாகத்தான் இருந்தார். "1997-ல ஒரே பாட்டுல பஸ் முதலாளி ஆனவரு, இப்ப படம் பூரா உழைச்சும் ஒரு வீடு வாங்க முடியல பாரு" என்றார். அப்புறம் பேச்சு குறைந்தது. அவர்கள் சேர்க்கிற பணம் படிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் என்று ஒவ்வொரு தடவையும் கரைந்து போகப் போக அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஒன்பதேகாலுக்குக் கண் சொக்கவில்லை. அந்த ஒரு படத்தைத்தான் இரண்டே ராத்திரியில் முடித்தோம்.

எனக்கோ கோபம் கோபமாக வந்தது. வீடு நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொன்னது. அதற்காகப் பிள்ளை தலையில் எவ்வளவு ஏற்றுவது? அந்தப் பையன் சித்தார்த் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், போதும் விட்டுவிடுங்களேன் என்று டிவியைப் பார்த்துச் சொன்னேன். அப்பா டிவியை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் கேட்டார், "பாப்பா ஏன் இதைப் பாக்கச் சொன்னா? ஏதும் உள்குத்து இருக்கா?"

எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரிந்திருக்கும். 2006-ல் இந்த வீட்டுக்குத் தளம் போடக் கம்பிக்குப் பணம் போதாமல் உன் செயினை அடகு வைத்தோமே, தாத்தா போட்ட இரண்டு பவுன். தீபாவளிக்குள் திருப்பிவிடலாம் என்று நினைத்து, வட்டி மட்டும் கட்டிக் கட்டி, ஒரு வருஷம் அதுவும் முடியாமல், கடைசியில் ஏலத்தில் போனது. நீ பள்ளிக்கூடத்துக்குக் கழுத்தில் கருப்பு மணி போட்டுக்கொண்டு போனாய். "எங்கேம்மா செயின்" என்று ஒரு நாள் கேட்டாய், பெட்டியில் இருக்கிறது என்றேன், அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. கல்யாணத்தின்போதுகூட கேட்கவில்லை. நீ கேட்காததுதான் அவரை அரிக்கிறது. கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லி முடித்திருப்பார்.

அடுத்த வாரம் நான்தான் பிடிவாதமாகப் பறந்து போ போடச் சொன்னேன். மிர்ச்சி சிவா. கடன்காரனுக்குப் பதில் சொல்ல முடியாமல், வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற மகனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு அப்படியே ஊரூராகப் போகிற கதை. நினைத்த இடத்திலெல்லாம் குட்டிக் குட்டியாகப் பாட்டு. அந்த வாண்டு பிடிக்கிற அடத்தைப் பார்த்தால் இரண்டு போடலாம் என்று எனக்கே கை துறுதுறுத்தது, ஆனால் எவ்வளவு நாளாயிற்று இப்படி வாய்விட்டுச் சிரித்து! அப்பாவுக்கு ஆகவே இல்லை. "தவணை கட்டாம ஊர் சுத்துறவனை வச்சு ஒரு படமா? இவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் என்ன ஆவான்னு டைரக்டர் யோசிச்சாரா?" என்று ஒரே சத்தம். நானும் விடவில்லை. நம்ம பிள்ளையை நாம எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போயிருக்கோமா, உங்களுக்குக் குடும்ப பாஸ் இருந்துச்சு, வேளாங்கண்ணி தாண்டிப் போனதில்லை என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். ஓவர்டைம் பார்த்தால்தான் தவணை என்று அலைந்த மனுஷன். இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை, ரசம் நன்றாக இருந்தும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

சண்டை ஆறினது கொட்டுக்காளியால். படம் ஆரம்பித்துக் கால்மணி நேரம் பின்னணி இசையே வரவில்லை. டிவியில் ஏதோ கெட்டுவிட்டது என்று அப்பா எழுந்து பின்னால் இருக்கிற ஒயரையெல்லாம் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார், நான் ரிமோட்டை அமுக்கினேன், கடைசியில் எதிர்வீட்டு அக்கா பேரன் வந்து, "தாத்தா, படமே அப்படித்தான், மியூசிக்கே கிடையாது" என்றான். மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு அந்தப் படம் மனசில் அப்படியே ஒட்டிக்கொண்டது பாப்பா. பேயோட்டச் சாமியாரிடம் போகிற ஆட்டோ நிறைய ஆட்கள், ஆளாளுக்குப் பேசுகிறார்கள், யாருக்காகப் போகிறார்களோ அந்தப் பெண் மட்டும் வாயைத் திறப்பதே அபூர்வம். எங்கள் காலத்தில் எத்தனை பேரை அப்படி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்பா முடிவு எங்கே முடிவு எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறார். மறுபடியும் கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் போட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை.

கட்டில் சத்தம் கேட்கிறது, எழுந்துவிட்டார், காபி போட வேண்டும். அடுத்து என்ன பார்ப்பது என்று எழுது, வெட்டுக்குத்து இல்லாததாகச் சொல். மாப்பிள்ளைக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை கூரியரில் போடுகிறேன். அப்புறம், அந்த 3பிஹெச்கே விஷயத்தில் உள்குத்து உண்டா இல்லையா என்பதை ஞாயிற்றுக்கிழமை அப்பா போனைப் பிடுங்குவார் பார், அப்போது அவரிடமே சொல்லிவிடு. நான் சொன்னால் நம்ப மாட்டார்.

அன்புடன்,
அம்மா